வாசகர் கேள்வி – பதில்: கதவு சாத்தியிருந்த நாள்களில் கால்களுக்கு என்ன ஆயிற்று?

போன மாதம் இந்தப் பகுதியில் போகிற போக்கில் ஒரு வரி கேட்டிருந்தேன்: "கொரோனா ஓய்ந்த பிறகு உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எப்படி இருக்கிறார்கள்?" வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏறக்குறைய ஒரே வாக்கியம்தான். "ஆள் ஒடுங்கிவிட்டார்." அதனால் இந்த முறை கழுத்துவலி, முட்டிவலிக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். வயதானவர்களை எழுப்பி நடக்க வைப்பதுதான் இருபத்தெட்டு வருடமாக என் வேலை.

கேள்வி: அப்பாவுக்கு எண்பது வயது. 2020க்கு முன்பு தினமும் காலையில் தனியாக நடந்து நூலகத்துக்குப் போய் எல்லாப் பேப்பரையும் படித்துவிட்டு வருவார். கொரோனா அவருக்கு வரவே இல்லை, அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டோம். இரண்டு வருடம் வாசலைத் தாண்டவில்லை. இப்போது நாற்காலியிலிருந்து எழுந்திருக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது. எல்லா டெஸ்ட்டும் நார்மல், "வயசாயிடுச்சு" என்கிறார்கள். நோயே வராதவருக்கு ஏன் இப்படி?

"வயசாயிடுச்சு" என்பது பதில் இல்லை. எழுபத்தெட்டிலிருந்து எண்பதுக்கு வருவதற்குள் ஒருவர் இவ்வளவு இறங்கினார் என்றால் நடுவில் வேறு ஏதோ நடந்திருக்கிறது. உங்கள் அப்பா விஷயத்தில் நடந்தது, நடக்காமல் இருந்தது.

தசை என்பது கட்டி முடித்த சுவர் மாதிரி அப்படியே நிற்கும் பொருள் அல்ல. உடம்பு தினமும் அதைக் கொஞ்சம் கரைக்கிறது, கொஞ்சம் கட்டுகிறது. வயதானால் கட்டும் வேலை மந்தமாகிவிடும். வேலை கொடுக்காவிட்டால் இன்னும் மந்தம். 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமாக இருந்த ஒரு டஜன் முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். பத்தே நாளில் அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் சராசரியாக ஒரு கிலோ அளவுக்குத் தசை குறைந்திருந்தது. சரி, உங்கள் அப்பா படுத்துக்கொண்டா இருந்தார் என்று கேட்பீர்கள். 2013இல் இன்னொரு குழு யாரையும் படுக்கச் சொல்லவில்லை. பத்து முதியவர்களை இரண்டு வாரத்துக்கு நடையை மட்டும் முக்கால்வாசி குறைத்துக்கொள்ளச் சொன்னது, அவ்வளவுதான். அதிலேயே கால் தசையில் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கு போய்விட்டது. சாப்பிட்ட புரதத்தைத் தசையாக மாற்றும் திறனும் குறைந்தது. அது இரண்டு வாரக் கணக்கு. உங்கள் அப்பாவுடையது இரண்டு வருடம்.

அப்புறம், நாற்காலியிலிருந்து எழுவதை நாம் ஒரு வேலையாகவே நினைப்பதில்லை. இளம் வயதுக்காரருக்கு அதற்குத் தொடைத் தசையின் முழு பலத்தில் பாதிகூடத் தேவையில்லை. எண்பதை நெருங்குபவருக்குக் கிட்டத்தட்ட மொத்த பலமும் வேண்டும். கையிருப்பே இல்லாத இடத்தில் கொஞ்சம் குறைந்தாலும் எழ முடியாது. நேற்றுவரை எழுந்தார், இன்று முடியவில்லை என்று வீட்டில் திகைப்பது இதனால்தான். உண்மையில் மாதக்கணக்காகக் குறைந்துகொண்டே வந்திருக்கும், கடைசிப் பிடி போன அன்றுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் அந்த "இரண்டு பேர் பிடிப்பதை" நிறுத்துங்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் தோள்பட்டை நோகும், அவர் காலுக்கும் வேலை இருக்காது. அதற்குப் பதிலாக, கைப்பிடி உள்ள கனமான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கெட்டியான மெத்தை ஒன்றை வைத்து உயரமாக்குங்கள். எந்த உயரத்தில் அவர் தானாகவே எழுகிறாரோ அதுதான் தொடக்கம். ஆசனத்தின் விளிம்புக்கு நகர்ந்து வரட்டும். பாதம் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கட்டும். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாயட்டும். பெரும்பாலானவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் பின்னால் சாய்ந்துகொண்டே எழப் பார்ப்பார்கள், எந்த வயதிலும் அப்படி எழ முடியாது. சாய்ந்த பிறகு கைப்பிடியை அழுத்தி எழட்டும். ஐந்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஐந்து. ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும், தொட வேண்டாம். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மெத்தையின் உயரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

டாக்டரிடமும் ஒரு விஷயம் கேளுங்கள். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார்களா? எழுந்ததும் அழுத்தம் சரிந்தால் தலை சுற்றும், அந்தப் பயத்திலேயே உட்கார்ந்துவிடுவார்கள். தூக்க மாத்திரை ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். மனச்சோர்வு இருக்கிறதா என்பதையும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் அப்பா ஒருநாளும் உடற்பயிற்சி செய்ததாக நீங்கள் எழுதவில்லை. பேப்பர் படிக்கப் போனார், கால் தானாக நடந்தது. எழுந்து நிற்க ஆரம்பித்ததும் அவரிடம் "நட" என்று சொல்லாதீர்கள். நூலகம் திறந்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

கேள்வி: தள்ளாமை வந்துவிட்டதா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

ஆங்கிலத்தில் "ஃப்ரெயில்டி" என்கிறார்கள். நம்மிடம் "தள்ளாமை" என்று அழகான சொல் இருக்கிறது. லிண்டா ஃப்ரீட் என்ற மருத்துவரின் குழு 2001இல் இதற்கு ஐந்து அடையாளங்கள் வகுத்தது. முயற்சி செய்யாமலே ஒரு வருடத்தில் நாலரை கிலோ அளவுக்கு எடை குறைவது, எதற்கெடுத்தாலும் களைப்பு, கைப்பிடி பலம் குறைவது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. ஐந்தில் மூன்று இருந்தால் தள்ளாமை. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய படி. திருப்பிக் கொண்டுவருவது அந்தப் படியில்தான் சுலபம், நாம் கவனிக்காமல் விடுவதும் அந்தப் படியைத்தான். முந்தைய கேள்வியில் "எல்லா டெஸ்ட்டும் நார்மல்" என்று இருந்ததே, இந்த ஐந்தில் ஒன்றுகூட ரத்தப் பரிசோதனையில் தெரியாது.

வீட்டில் இரண்டு சோதனைகள் போதும். கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பதினைந்து வினாடிக்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டும். தரையில் நான்கு மீட்டர் அளந்து, வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். ஐந்து வினாடிக்கு மேல் ஆனால் அதுவும் ஓர் அறிகுறி. பக்கத்தில் ஆள் இல்லாமல் இரண்டையும் செய்ய வேண்டாம். டப்பா மூடியைத் திறக்க யாரையாவது கூப்பிடுகிறார்களா, பழைய சட்டை தோளில் தொங்குகிறதா என்பதெல்லாம் கடிகாரம் இல்லாமலே தெரியும்.

கேள்வி: தொற்றுக் காலத்தில் மாமியாரை ஓர் அறையிலேயே வைத்து எல்லாவற்றையும் கையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். இப்போது அவர்கள் படுக்கையை விட்டு எழுவதே அபூர்வம். நாங்கள் செய்தது தவறா? இது என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது.

என் அம்மாவின் கதையைச் சொல்கிறேன். அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

2020 மார்ச்சில் அம்மாவுக்கு எழுபத்தொன்பது. நாங்கள் கீழ்த்தளம், அம்மாவின் சிநேகிதி மாடியில். சாயங்காலம் நான்கு மணிக்கு அம்மா மேலே போய்விடுவார்கள். பதினெட்டுப் படி, ஒன்பதாவது படியில் ஒரு திருப்பம். என்னதான் பேசுவார்களோ, ஆறு மணிக்குத்தான் இறங்குவார்கள். நான் தினமும் நோயாளிகளைத் தொட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறவள், வீட்டிலேயே பெரிய ஆபத்து நான்தான். அதனால் அம்மாவைப் பின்னறையில் வைத்தேன். தண்ணீர், மாத்திரை, போன், ரேடியோ, கண்ணாடி எல்லாம் கட்டிலைச் சுற்றி. கை நீட்டினால் கிடைக்கும். "நீங்க எழுந்திருக்கவே வேண்டாம்மா" என்று பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது. மற்றவர்களை எழுப்பி நடக்க வைத்துச் சம்பாதிக்கிறவள் நான்!

ஆகஸ்டில் ஒருநாள் அம்மா படிக்கட்டு வரை வந்து நின்றார்கள். வலது கையால் கம்பியைப் பிடித்தார்கள். ஒரு படி ஏறி இரண்டு காலையும் அதில் சேர்த்து வைத்தார்கள். அடுத்த படி, மறுபடி இரண்டு காலும். மூன்றாவது படியில் முழங்கால் நடுங்கியது. கம்பியைப் பிடித்திருந்த கையின் விரல்கள் வெளுத்துப்போனதை நான் கீழே நின்று பார்த்தேன். "போதும்" என்று இறங்கிவிட்டார்கள். ஐந்து மாதம், பதினைந்து படி.

தொழில்காரி அல்லவா, உடனே ஒரு பயிற்சித் தாள் எழுதிக் கொடுத்தேன். படம் எல்லாம் போட்டு. அம்மா அதை மடித்து, படிக்கிற புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

வேலை செய்தது வேறு. மாடித் தோழி தானாகவே ஒன்பது படி இறங்கி, திருப்பத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தார்கள். அங்கே ஜன்னல் உண்டு, திறந்து வைத்தோம். இருவரும் முகக்கவசம். அம்மா முதலில் கீழே நின்று பேசினார்கள். பிறகு மூன்றாவது படியில் நின்று. அந்தத் தோழிக்குக் காது கொஞ்சம் மந்தம், கவசத்துக்குள்ளிருந்து பேசினால் பாதிதான் கேட்கும். "என்ன, என்ன?" என்று கேட்கக் கேட்க அம்மா இன்னொரு படி ஏறுவார்கள். அக்டோபரில் திருப்பத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே இரண்டாவது நாற்காலி போட்டோம், நடுவில் இடம் விட்டு. பதினெட்டும் ஏற மறு வருடம், தடுப்பூசிக்குப் பிறகு ஆயிற்று.

கதவைச் சாத்தியதில் நாம் தப்புச் செய்யவில்லை. ஊசி வராத காலம் அது, வயதானவர்கள் கொத்துக் கொத்தாகப் போய்க்கொண்டிருந்தார்கள். தண்ணீரைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தேனே, அதுதான் என் தப்பு. உங்கள் மாமியாருக்கும் அங்கிருந்தே ஆரம்பியுங்கள். தண்ணீர் மேஜை நான்கு தப்படி தள்ளிப் போகட்டும், போகிற வழியில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கட்டும், வழியில் வயரும் மிதியடியும் கிடக்க வேண்டாம். சாப்பாடு அறைக்குப் போக வேண்டாம், அவர்கள் சாப்பாட்டுக்கு வரட்டும். எவ்வளவு நேரமானாலும் சரி. அதோடு, முன்பெல்லாம் யாரைப் பார்க்க, எதைப் பார்க்க அவர்கள் எழுந்து போவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அது இல்லை.

கேள்வி: வாரம் ஒருமுறை எல்லாரும் வீடியோ காலில் சேர்ந்து அம்மாவிடம் பேசுகிறோம். அது போதாதா?

வாரம் ஒருமுறை, எல்லாரும் சேர்ந்து! எட்டுக் கட்டத்தில் எட்டு முகம், எல்லாரும் ஒரே நேரத்தில் பேச, நடுவில் அம்மா "கேக்குதா, கேக்குதா?" என்று கேட்டபடி. பேசியது நீங்கள், பார்த்துக்கொண்டிருந்தது அவர்கள்.

சாதாரண போனே போதும், அடிக்கடி வந்தால். 2020இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு சோதனை நடந்தது. வீட்டுக்கே உணவு வரவழைத்துச் சாப்பிடும் 240 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களில் பாதிப் பேருக்கு நான்கு வாரம் போன் செய்தார்கள். பேசியவர்கள் டாக்டரும் இல்லை, மனநல நிபுணரும் இல்லை. பதினேழிலிருந்து இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள், சின்னப் பயிற்சி மட்டும் பெற்றவர்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்டது, எதிர்முனையில் இருப்பவர் விரும்புவதைப் பேசவிட்டுக் கேளுங்கள் என்பதுதான். நான்கு வாரத்தில் தனிமை உணர்வும் மனச்சோர்வும் பதற்றமும், போன் வராதவர்களைவிட நன்றாகக் குறைந்திருந்தன. ஆகவே எட்டுப் பேரும் ஆளுக்கொரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போதும். "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்பதோடு முடித்துவிடாமல், அவர்களிடம் ஏதாவது யோசனை கேளுங்கள்.

ஆனால் போனில் பேசுவதால் காலில் தசை வளராது. நின்றுகொண்டு பேசலாம், சுவரோரமாக நடந்துகொண்டு பேசலாம். மணி அடித்ததும் ஓடி வந்து எடுக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம், எத்தனையோ இடுப்பெலும்பு அப்படித்தான் உடைந்திருக்கிறது. அடித்து ஓயட்டும், திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: புரதப் பவுடர் வாங்கிக் கொடுத்தால் பலம் வருமா?

பவுடரைக் குடித்துவிட்டு உட்கார்ந்தே இருந்தால் பெரிதாக எதுவும் வராது. வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் முதல் 1.2 கிராம் வரை புரதம் தினமும் தேவை. பால், முட்டை, பருப்பு என்று மூன்று வேளையும் பிரித்துக் கொடுத்தாலே பலருக்கும் அது கிடைத்துவிடும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கூட்டாதீர்கள்.

கேள்வி: மகளே, எனக்கு எழுபத்தாறு. ஊசியெல்லாம் போட்டாகிவிட்டது. ஆனாலும் எங்கேயாவது புதுக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் போதும், பிள்ளைகள் என் செருப்பை ஒளித்து வைத்துவிடுகிறார்கள். சாயங்காலம் பூங்காவில் நாலு பேரோடு உட்காருவதுதான் எனக்கு உயிர். இவர்களுக்கு நீயாவது எடுத்துச் சொல்.

ஐயா, இந்தப் பக்கத்தை அவர்கள் கண்ணில் படுகிற மாதிரி மடித்து வையுங்கள். இனி எழுதுவது அவர்களுக்கு.

உங்கள் பயம் அசட்டுத்தனம் என்று நான் சொல்லவில்லை. கொரோனாவில் வயதானவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். ஆனால் 2020இல் ஐரோப்பிய மருத்துவமனைகளில் சேர்ந்த நோயாளிகளைப் பார்த்துச் செய்த ஆய்வு ஒன்று என்ன சொன்னது தெரியுமா? யார் பிழைப்பார், யார் பிழைக்கமாட்டார் என்பதை வயதைவிட, ஏற்கெனவே இருந்த நோய்களைவிட, தள்ளாமையின் அளவுதான் நன்றாகக் காட்டியது. அப்படியானால் செருப்பை ஒளித்து வைத்து அப்பாவை உட்கார வைக்கும்போது என்ன ஆகிறது? இந்த அலைக்குத் தப்பிக்கிறார், அடுத்த அலைக்கு இன்னும் பலவீனமாகப் போய் நிற்கிறார்.

ஜப்பானில் முதியவர்களைத் தொற்றுக் காலம் முழுக்கத் திரும்பத் திரும்ப விசாரித்தார்கள். 2020 ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் அவர்களுடைய நடமாட்ட நேரம் ஏறக்குறைய கால்பங்கு குறைந்திருந்தது. அது எல்லாருக்கும்தான். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, தனியாக வசித்து, வெளி மனிதர்களோடு கலந்து பழகாதவர்களிடம்தான் தள்ளாமை புதிதாக அதிகம் தலைகாட்டியிருந்தது. உங்கள் அப்பாவுக்குப் பூங்காவில் நாலு பேர் இருக்கிறார்கள். அது விலைமதிப்பில்லாத சொத்து, அதைப் போய்ப் பூட்டுகிறீர்களே!

திறந்த வெளியில் நான்கு பேர் இடம் விட்டு உட்காருவதும், ஜன்னல் மூடிய அறையில் நாற்பது பேர் நெருக்கியடிப்பதும் ஒன்றல்ல. வைரஸுக்குப் பிடித்த இடம் இரண்டாவது. தொற்று பரவும் நாள்களில் அப்பா அங்கே போக வேண்டாம், போயே ஆக வேண்டும் என்றால் முகக்கவசத்தோடு போகட்டும். பூங்காவில் யாருக்காவது இருமல், காய்ச்சல் என்றால் அவர் சரியாகும்வரை வர வேண்டாம் என்று நாலு பேரும் பேசி வைத்துக்கொள்ளட்டும். வீட்டில் உங்களுக்குச் சளி பிடித்தால் அப்பா பக்கத்தில் போகாமல் இருங்கள். உண்மையில் வெளியே போய் வருகிற நீங்கள்தான் அவருக்குப் பெரிய ஆபத்து, அந்த நாலு பேர் அல்ல. செருப்பை இன்றைக்கே எடுத்துக் கொடுங்கள்.

ஐயா, உங்களுக்கும் ஒன்று. உட்காருவதற்கு முன்னால் பூங்காவை இரண்டு சுற்று. நாலு பேருமாக.

கேள்வி: நாங்கள் ஆறு பேர். முப்பது வருடப் பழக்கம். தொற்றில் இரண்டு பேர் போய்விட்டார்கள், ஒருவர் படுத்த படுக்கை, இன்னொருவர் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார், மற்றவர் வீட்டைவிட்டு வருவதே இல்லை. மனைவியும் இல்லை. "வெளியே போங்கள், நாலு பேரைப் பாருங்கள்" என்று சுலபமாக எழுதுகிறீர்கள். நான் யாரைப் பார்க்கப் போவது?

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதவில்லை. இதற்குப் பயிற்சித் தாள் கிடையாது.

முதியவர்கள் சமூகத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார்கள் என்று அளக்க ஜப்பானிய ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஐந்து கேள்விகள் உண்டு. போன வருடத்தைவிடக் குறைவாக வெளியே போகிறீர்களா, நண்பர்கள் வீட்டுக்குப் போவதுண்டா, தனியாக வசிக்கிறீர்களா, தினமும் யாரோடாவது பேசுகிறீர்களா என்பவை நான்கு. ஐந்தாவதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்: நண்பருக்கோ குடும்பத்துக்கோ நீங்கள் உபயோகமாக இருப்பதாக உணர்கிறீர்களா?

போன இருவரின் இடத்தை யாராலும் நிரப்ப முடியாது, புது ஆள்களைப் பிடியுங்கள் என்று நான் சொல்லப்போவதும் இல்லை. ஆனால் உங்கள் கணக்கில் இன்னும் மூன்று பேர் உயிரோடு இருக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர் உங்களைத் தேடி வர முடியாது, நீங்கள் போகலாம். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட கிழமை, ஒரு குறிப்பிட்ட நேரம். ஏதாவது வாசித்துக் காட்டுங்கள், இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள். உங்கள் சளி, இருமல் நாள்களில் மட்டும் வேண்டாம். ஊர் மாறியவருக்கு அங்கே உங்களை மாதிரி ஒரு பழைய ஆள்கூட இருக்கமாட்டார், அதையும் யோசியுங்கள்.

வீட்டைவிட்டு வராதவர்தான் கஷ்டம். "வா" என்றால் வரமாட்டார். அவர் வீட்டு வாசலில் போய் நின்று, "படுக்கையில் இருப்பவனைப் பார்க்கப் போகிறேன், தனியாகப் போக எனக்குக் கால் தைரியம் இல்லை, துணைக்கு வா" என்று கேட்டுப் பாருங்கள். முதல் தடவை மாட்டேன் என்பார். அடுத்த வாரம் அதே கிழமை மறுபடி போய்க் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.